லம்பஷோனி: மூன்று புட்டிகளும் ஒரு கிலோ பச்சைக் கிழங்கும்

தென்கிழக்கு இத்தாலியின் பூலியா மாநிலத்தில் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தவர்கள் லம்பஷோனியைக் காணாமல் திரும்ப முடியாது. காய்கறிச் சந்தையில் அது மண் ஒட்டிய சிறு கிழங்காக மரப்பெட்டிகளில் குவிந்திருக்கும். மளிகைக் கடை அலமாரியில் எண்ணெயில் மூழ்கிய ஊறுகாயாகக் கண்ணாடிப் புட்டிகளில் அடைபட்டிருக்கும். சில உணவகங்களில் உட்கார்ந்ததும், கேட்காமலேயே, முதல் தட்டில் நான்கைந்து வந்து சேரும். பார்வைக்குச் சின்ன வெங்காயத்தை ஒத்திருப்பதால் நம்மவர்கள் தயக்கமின்றி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அடுத்த நொடியில் முகம் சுருங்கிவிடுகிறது. அந்தக் கசப்புக்காகவே ஊரார் இதை வாங்குகிறார்கள் என்பது விளங்க எனக்கு ஒரு பருவம் முழுவதும் பிடித்தது. வேலை நிமித்தமாகப் பாரி நகரில் தங்கியிருந்த அந்தக் குளிர்காலத்தில், மூன்று தயாரிப்பாளர்களின் புட்டிகளையும் ஒரு கிலோ பச்சைக் கிழங்கையும் வாங்கி உண்டு பார்த்ததன் மதிப்பீடு இது. நிறுவனங்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. லேபிளில் உள்ள பொருட்பட்டியலைப் படித்தாலே எந்தப் புட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலிவ் எண்ணெயில் போட்ட புட்டி கொடுத்த காசுக்குத் தகும். சூரியகாந்தி எண்ணெயில் போட்டதை வாங்க வேண்டாம். வினிகரில் மட்டும் ஊறியது சமையலுக்கு உதவும், தனியாக உண்ண உதவாது. பச்சைக் கிழங்கு இவை மூன்றையும் விடச் சிறந்தது. ஆனால், அது இரண்டு நாள் பொறுமையைக் கேட்கும்.

லம்பஷோனி வெங்காய இனத்தைச் சேர்ந்ததன்று. பள்ளித் தாவரவியல் பாடத்தில் குமிழம் என்று படித்தோமே, தண்டு குறுகிச் சதைப்பற்றுள்ள செதில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொதிந்த நிலத்தடிப் பகுதி, அந்த வகையில் வெங்காயத்துக்கு ஒப்பானது என்பதோடு உறவு முடிந்துவிடுகிறது. இன்று லியோபோல்டியா கோமோசா என்று வழங்கப்படும் இச்செடியைத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் ஹயசின்தஸ் பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். பிறகு நெடுங்காலம் மஸ்காரி என்ற பேரினத்தில் இருந்தது. குடும்பம் என்று பார்த்தால் நம் தண்ணீர்விட்டான் கிழங்கு எந்தக் குடும்பமோ அதே அஸ்பராகேசி. வசந்தத்தில் இது பூக்கும்போது, தண்டின் கீழ்ப்பகுதியில் மங்கிய பழுப்புநிறப் பூக்களும், உச்சியில் குஞ்சம் கட்டியது போல் ஊதாநிற மலட்டுப் பூக்களும் நிற்கும். இதை நறுக்கினால் கண் எரியாது. அதற்குப் பதிலாக, வெண்டைக்காயை நறுக்கும்போது வருவதைப் போன்ற கொழகொழப்பான நீர் கத்தியிலும் விரலிலும் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கொழகொழப்பையும் கசப்பையும் எந்த அளவுக்கு நீக்குகிறோம், எந்த அளவுக்கு விட்டுவைக்கிறோம் என்பதில்தான் லம்பஷோனி தயாரிப்பின் முழுத் திறமையும் அடங்கியிருக்கிறது.

கோடை வறண்டும் குளிர்காலம் மழையோடும் இருக்கும் மிதவெப்பமண்டல நிலம் இச்செடியின் தாயகம். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள கோதுமை வயல்களிலும், திராட்சைத் தோட்டங்களிலும், ஆலிவ் மரங்களுக்கிடையேயும், கற்கள் நிறைந்த தரிசிலும் யாரும் விதைக்காமல் முளைத்துக் கிடக்கிறது. கிழங்கு ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில் இருக்கும்; பூலியாவின் இறுகிய செம்மண்ணில் அதை ஒவ்வொன்றாகக் கொத்தித்தான் எடுக்க வேண்டும்; விதையிலிருந்து உண்ணத்தக்க அளவுக்கு வளர நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால் பண்ணையில் பயிரிட முன்வருபவர்கள் குறைவு. உருவத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கூட எட்டாத இந்தக் கிழங்கு வெங்காயத்தைப் போலப் பல மடங்கு விலைக்கு ஏன் போகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. வள்ளல் பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைத்த நான்கு பயன்களில் வள்ளிக்கிழங்கும் ஒன்று என்று படித்து வளர்ந்தவனுக்கு, பாரி என்றே ஒலிக்கும் ஒரு துறைமுக நகரத்தில் உழாது விளைந்த கிழங்கை எடைபோட்டு வாங்கியது சற்று வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஆனால், பாரியில் விற்கப்படும் கிழங்கெல்லாம் பாரியைச் சுற்றி விளைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளூர் விளைச்சல் தேவைக்குப் போதாததால் வட ஆப்பிரிக்காவிலிருந்து, குறிப்பாக மொராக்கோவிலிருந்து, நிறைய இறக்குமதியாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய காய்கறிக்குப் பிறந்த நாட்டை விலைப்பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதால் சந்தையில் இது எளிதில் தெரிந்துவிடும். புட்டியில்தான் சிக்கல். பொருள் இன்ன ஊருடையது என்று லேபிளில் முன்னிறுத்திக் காட்டி, அதன் முதன்மை மூலப்பொருள் வேறு நாட்டிலிருந்து வந்திருந்தால் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நான் வாங்கிய முதல் புட்டியின் முகப்பில் கற்சுவரும் ஆலிவ் மரமும் பெரிதாக வரையப்பட்டிருந்தன. பின்புறத்தில், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், கிழங்கின் பிறப்பிடம் மொராக்கோ என்று இருந்தது. மொராக்கோக் கிழங்கு தரத்தில் தாழ்ந்தது என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. அதே செடி, அதே கடலின் மறுகரை. அதை மறைக்க முயலும் படத்தைத்தான் நான் குறையாகக் கருதுகிறேன்.

அந்த முதல் புட்டியின் விலை 3.90 யூரோ, மொத்த எடை 280 கிராம், எண்ணெய் வடித்த எடை 170 கிராம். சூரியகாந்தி எண்ணெய், வினிகர், உப்பு, பூண்டு, சிட்ரிக் அமிலம் என்று பொருட்பட்டியல் நீண்டது. கிழங்குகள் எல்லாம் ஒரே அளவில், வெளுத்து, பொம்மைக் கடையில் வாங்கியவை போல் இருந்தன. நல்ல லம்பஷோனியின் உட்புறத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு ஓடும். இதில் அதன் சுவடே இல்லை. வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, பிறகு உப்பு, பிறகு ஒன்றுமில்லை. கசப்பை அடியோடு போக்கும்வரை வேகவைத்துப் பிழிந்து, அந்த வெறுமையை அமிலத்தால் நிரப்பியிருக்கிறார்கள். பாகற்காயை உப்பிட்டுப் பிழிந்து பிழிந்து கடைசியில் புடலங்காயாக்கிச் சமைப்பவர்கள் நம் வீடுகளிலும் உண்டு; அவர்களிடம் கேட்கத் தோன்றும் கேள்வியைத்தான் இந்தத் தயாரிப்பாளரிடமும் கேட்கத் தோன்றியது: கசப்பு வேண்டாமென்றால் இந்தக் கிழங்கை எடுப்பானேன்? செதில்கள் குழைந்து போய், முட்கரண்டி பட்டதும் பிரிந்துவிட்டன. பாதிப் புட்டியை உருளைக்கிழங்கு வறுவலில் சேர்த்துத் தீர்த்தேன். மீதி பாதி குளிர்பெட்டியில் பல நாள் இருந்து பின் குப்பைக்குப் போனது.

இரண்டாவது புட்டி பாரிக்குத் தெற்கே, லெச்சே நகரைச் சுற்றியுள்ள சலெந்தோ பகுதியில் தயாரானது. அங்கே இதன் பெயரே வேறு, பம்பஷூனி என்கிறார்கள். அப்பகுதியின் அக்காயா என்ற சிற்றூரில், மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று வியாகுல அன்னைக்கு எடுக்கும் விழா இந்தக் கிழங்கின் பெயராலேயே அறியப்படுகிறது என்றால் அதன் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். அதே 280 கிராம் புட்டிக்கு 7.20 யூரோ கொடுத்தேன். வடித்த எடை 185 கிராம். கலப்பற்ற ஆலிவ் எண்ணெய், திராட்சை வினிகர், உப்பு, பூண்டு, புதினா, காய்ந்த மிளகாய், அவ்வளவுதான். விலையைக் கண்டு தயங்குபவர்கள் எண்ணெயின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: இத்தாலியிலேயே மிகுதியாக ஆலிவ் எண்ணெய் தரும் மாநிலம் பூலியா என்றாலும், சைலெல்லா என்னும் பாக்டீரியா நோய் 2013-இல் சலெந்தோவில் கண்டறியப்பட்ட பிறகு அங்கே பட்டுப்போன மரங்களுக்குக் கணக்கில்லை, சாலையின் இருபுறமும் எலும்புக்கூடுகளாக நிற்கும் தோப்புகளைக் கடந்துதான் அந்த ஊர்களுக்குப் போக வேண்டும்.

மூடியைத் திறந்ததும் மேலெழுந்தது வினிகரின் நெடியன்று. புதினாவும் பூண்டும் கலந்த எண்ணெயின் மணம். கிழங்குகள் அளவில் ஒழுங்கற்று, சில கட்டைவிரல் நுனியளவும் சில நெல்லிக்காயளவும் இருந்தன. அடிப்பகுதியில் சிலுவைக் கீறல் தெரிந்தது. கையால் சுத்தம் செய்ததற்கு அது அடையாளம். கடித்தபோது வெளிச்செதில் மென்மையாகவும் நடுப்பகுதி சற்றே எதிர்த்துக் கொடுத்தும், முதலில் ஆலிவின் காரலும், அதன் பின்னே இனிப்பின் சாயலும், அதற்கும் பின்னே, விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் மெல்லப் பரவும் கசப்பும் வரிசையாக வந்தன. இந்தக் கசப்பு பாகற்காயைப் போல் முன்னால் வந்து நிற்பதன்று. சுண்டைக்காய் வற்றலுக்கு நெருக்கமானது, ஆனால் அதைவிட ஈரமானது. பிறகு தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கிறது. நெல்லிக்காய் தின்றவர்களுக்கு இந்த இன்பத்தை விளக்க வேண்டியதில்லை. குறை என்று சொன்னால், மிளகாயைச் சற்று மிகுதியாகப் போட்டிருக்கிறார்கள். புட்டியின் அடிப்பகுதிக்கு வர வர காரம் கசப்பை மறைக்கத் தொடங்கியது. திறந்த பிறகு கிழங்கு எண்ணெய்க்கு மேலே தலைகாட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்; எண்ணெயை விட்டு வெளியே நின்றவை இரண்டு மூன்று நாளில் கறுத்துவிட்டன.

மூன்றாவது புட்டியில் எண்ணெய் இல்லை, வினிகரும் உப்பும் மட்டும், 3.20 யூரோ. கிரீட் தீவில் இதே கிழங்கை வினிகரில் ஊறவைத்துத் தவக்காலத்தில் உண்பார்கள் என்பதால் இம்முறைக்கு நீண்ட மரபு உண்டு. எனினும், நான் வாங்கியதில் வினிகர் அனைத்தையும் அடக்கி ஆண்டது. அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்து, வடித்து, நல்ல எண்ணெயும் மிளகும் சேர்த்த பின்னரே கிழங்கின் குரல் கேட்டது. முட்டையோடு அடித்து ஆம்லெட்டாக வார்த்தபோது மட்டும் அந்தப் புளிப்பு பொருத்தமாக அமைந்தது.

இனிப் பச்சைக் கிழங்கு. ஜனவரி கடைசியில் சந்தையில் கிலோ 7 யூரோவுக்கு வாங்கினேன். விலைப்பலகையில் இத்தாலி என்று எழுதியிருந்தது. கிழங்கு விற்ற அம்மையார் மூன்று விரலைக் காட்டி ஏதோ சொன்னார். மூன்று முறை கழுவச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். அவர் சொன்னது மூன்று முறை தண்ணீரை மாற்றுவதைப் பற்றி என்பது அன்றிரவு முதல் கிழங்கைக் கடித்தபோதுதான் தெரிந்தது. தோலை உரித்து, ஒரே தண்ணீரில் வேகவைத்து, அப்படியே எண்ணெய் ஊற்றித் தட்டில் வைத்திருந்தேன். வேப்பங்கொழுந்தை மென்றவன் கூட அந்தத் தட்டை முடித்திருக்க மாட்டான். அந்தக் கால் கிலோவும் வீண்.

மறுநாள் முறையாகச் செய்தேன். செம்மண் ஒட்டிய வெளித்தோல்களை, உள்ளே வழவழப்பான இளஞ்சிவப்புச் செதில் தெரியும்வரை நீக்க வேண்டும். வேர்ப்பகுதியை வட்டமாக அரிந்து, அடியில் சிலுவை போல் ஆழமாகக் கீற வேண்டும். பிறகு நிறையத் தண்ணீரில் ஓர் இரவும் ஒரு பகலும் ஊறவிட்டு, இடையிடையே தண்ணீரை மாற்ற வேண்டும். முதல் தண்ணீர் கைவிட்டால் வழுக்கும் அளவுக்குக் கொழகொழத்துப் போகும். கடைசித் தண்ணீர் ஓரளவு தெளிந்திருக்கும். வேகவைக்கும்போதும் பாதியில் தண்ணீரைக் கொட்டிப் புதிய கொதிநீரை ஊற்றுவது நல்லது. கிழங்கின் அளவைப் பொறுத்து 20 முதல் 40 நிமிடம் பிடிக்கும்; கத்திமுனை இறங்க வேண்டும், கிழங்கு உடையக் கூடாது. ஒரு கிலோ வாங்கினால் தோலும் வேரும் போக முக்கால் கிலோ தேறினால் மிகுதி. உரிப்பதற்கே முக்கால் மணி நேரம் போகும். விரல் நுனிகள் இரண்டு நாளைக்குப் பழுப்பாக இருக்கும். இந்த உழைப்பை எல்லாம் கணக்கில் சேர்த்தால் 7.20 யூரோ புட்டி அப்படியொன்றும் கொள்ளை விலையில்லை என்பது தெளிவாகும்.

ஆனால், வெந்து இளஞ்சூட்டில் இருக்கும் கிழங்கை லேசாக நசுக்கி, எண்ணெயும் சில துளி வினிகரும் உப்பும் மிளகும் சேர்த்து உண்ணும்போது கிடைப்பதை எந்தப் புட்டியும் தருவதில்லை. மண்ணின் வாசனை என்று பலவற்றுக்கும் பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இதில் அது உண்மையாகவே இருக்கிறது, மழை பெய்து ஓய்ந்த வயலின் வாசனை. பூலியாவில் உலர்ந்த ஃபாவா அவரையைத் தோல் நீக்கி வேகவைத்துப் பசைபோல் மசித்து, அதனோடு சிக்கரிக் கீரையை வைத்து உண்பது அன்றாட உணவு. அந்த மசியலின் மந்தமான இனிப்புக்கு மேல் இரண்டு லம்பஷோனியை வைத்தால் இரண்டுமே உயர்ந்துவிடுகின்றன. பருப்புச் சோற்றுக்குச் சுண்டைக்காய் வற்றலைத் தொட்டுக்கொள்பவர்களுக்கு இந்தப் பொருத்தத்தின் நியாயம் உடனே பிடிபடும். ஆட்டிறைச்சியோடும் உருளைக்கிழங்கோடும் அடுப்பில் வாட்டுவதும் உண்டு. எனக்கு அதில் கிழங்கு இறைச்சிக் கொழுப்பில் கரைந்து காணாமல் போனதாகவே தோன்றியது.

உணவகத்தில் உண்டதில் குறிப்பிடத்தக்கது பொரித்த லம்பஷோனி. சிலுவைக் கீறலை ஆழமாகப் போட்டு, மாவில் தோய்த்துக் கொதிக்கும் எண்ணெயில் விட்டால், செதில்கள் விரிந்து பூவைப் போல் மலர்கின்றன. விளிம்புகள் முறுகி, நடுவே மாவுத்தன்மையோடு, கசப்பு ஏறக்குறைய இனிப்பாக மாறிவிடுகிறது. புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். ஒரு தட்டில் ஆறு பூக்கள் வந்தன. ஆறாவதை எனக்கு எதிரே அமர்ந்திருந்தவர் எடுத்துக்கொண்டதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

லேபிள்களில் எழுதாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லம்பஷோனி வயிற்றில் வாயுவை உண்டாக்கும். ஊரார் இதை மறைப்பதில்லை, சிரித்துக்கொண்டே எச்சரிக்கிறார்கள். நான்கைந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மறுநாள் நெடுந்தூரப் பேருந்துப் பயணம் இருந்தால் அதுவும் வேண்டாம். பழைய ரோமர்கள் இதுபோன்ற கிழங்குகளைக் காம உணர்வைத் தூண்டுபவை என்று நம்பினார்கள். சில தயாரிப்பாளர்கள் இன்றும் அதைக் கண்சிமிட்டலோடு லேபிளில் குறிப்பிடுகிறார்கள். வாயுவைப் பற்றிய எச்சரிக்கையையும் அதன் பக்கத்திலேயே அச்சிட்டால் வாங்குபவர் இரண்டையும் எடைபோட்டு முடிவு செய்வார்.

பச்சைக் கிழங்கு வாங்கியவர்களுக்கு அதை வீட்டிலேயே எண்ணெயில் போட்டு வைக்கும் ஆசை வருவது இயல்பு, எனக்கும் வந்தது. மண்ணுக்குள் இருந்து வரும் எந்தக் கிழங்கிலும் பொட்டுலினம் என்னும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். அவை கொதிநீரில் அழிவதில்லை. காற்றுப்புகாத எண்ணெய்க்கு அடியில் அவை செழிக்கும். கிழங்கின் அமிலத்தன்மையைக் கூட்டி, பி.எச். அளவை 4.6-க்குக் கீழே கொண்டுவந்தால்தான் அந்த நஞ்சு உருவாவதைத் தடுக்க முடியும். ஊர்ப் பாட்டிகள் கிழங்கைத் தண்ணீருக்குப் பதில் வினிகர் கலந்த நீரில் வேகவைத்த பிறகே எண்ணெயில் போடுவதன் காரணம் சுவை மட்டுமன்று. வீட்டுப் பதனங்களிலிருந்து இந்த நஞ்சால் நோய் வருவது இத்தாலியில் அரிதன்று என்பதால் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் இதற்கென்றே வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. நான் வினிகர் நீரில் வேகவைத்தும், புட்டியில் அடைக்கத் துணியாமல், குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளில் தின்று தீர்த்தேன். அதைப் போலவே, வயல்வெளியில் கண்ட குமிழத்தை எல்லாம் தோண்டி எடுக்கும் துணிச்சலும் வேண்டாம். பூ இல்லாத குளிர்காலத்தில் இலையை மட்டும் பார்த்து இனம் காண்பது பழகிய கண்ணுக்கே உரிய வேலை, அதே நிலத்தில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்ட கடல்வெங்காயமும் வளர்கிறது.

வாங்க விரும்புபவர்கள் புட்டியின் முகப்புப் படத்தை விட்டுவிட்டுப் பின்புறத்தைப் படிக்க வேண்டும்: எண்ணெய் எது, கிழங்கு எந்த நாட்டது, வடித்த எடை எவ்வளவு. பிறகு புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கிழங்குகளுக்குள் இளஞ்சிவப்பு தெரிந்தால், அளவுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தால், அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது புட்டியில் கிழங்கு தீர்ந்த பின் மிஞ்சிய எண்ணெயை நான் கொட்டவில்லை. தோசையின் மேல் ஒரு வாரம் அது ஓடியது, புதினாவும் பூண்டும் முன்னே வர, அந்தக் கசப்பு கடைசித் துண்டுவரை பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.